எஸ்டோனியாவில் உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டைத் தவிர வேறு யாருடைய இசையைக் கேட்கலாம்? இசையோடு கட்டுரையும் எழுதத் தெரிந்த இசையமைப்பாளர் யாராவது உண்டா?

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இன்றைய தேதியில் நேரான பதில் யூரி ரெய்ன்வெரே. 1971இல் எஸ்டோனியத் தலைநகர் டாலினில் பிறந்து, ஹெல்சிங்கியில் படித்து, ஜெர்மனியில் குடியேறியவர். ஓபரா எழுதுகிறார், அதற்கான வரிகளையும் தானே எழுதிக்கொள்கிறார், ஜெர்மன் நாளிதழில் கட்டுரையும் எழுதுகிறார். தேடிப் பாருங்கள், நல்ல ஆள்தான். ஆனால் ஒரே ஒரு பெயரைச் சொல் என்றால் நான் வெல்யோ டோர்மிஸ் என்றுதான் சொல்வேன். 1930 முதல் 2017 வரை வாழ்ந்தவர். பாடகர் குழுக்களுக்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதியவர். ஆர்வோ பேர்ட் இளைஞராக டாலின் இசைப் பள்ளியில் படித்த காலத்தில் அங்கே அவருக்கு ஆசிரியராகவும் இருந்தவர்.

டோர்மிஸ் கட்டுரைகளை எழுதிக் குவித்தவர் இல்லை. ஆனாலும் 1972இல் அவர் எழுதிய ‘நாட்டுப்பாடலும் நாமும்’ என்ற கட்டுரையைத் தெரிந்துகொள்ளாமல் அவர் இசையைக் கேட்டால் பாதிதான் பிடிபடும் என்பது என் கட்சி. அந்தக் கட்டுரையும் பாடல்களும் ஒரே வழக்கைத்தான் வாதாடுகின்றன. பழைய பாட்டு என்பது இசையமைப்பாளருக்குக் கிடைத்த கச்சாப் பொருள் கிடையாது, அது தன்னளவிலேயே முழுசானது, அதன் குறுக்கே நிற்காமல் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் நம் வேலை என்கிறார். நான் நாட்டுப்பாடலைப் பயன்படுத்தவில்லை, அதுதான் என்னைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று அவர் சொன்னது எஸ்டோனியாவில் எல்லாருக்கும் தெரிந்த வாசகம். தன்னடக்கத்தில் சொன்ன பேச்சு என்று முதலில் நினைக்கத் தோன்றும். அவருடைய ஸ்கோரை, அதாவது எழுதிய இசைக் குறிப்பை, திறந்து பார்த்தால், தொழில்நுட்பமாகவே அதைக் கடைப்பிடித்திருப்பது தெரியும்.

என்னைப் பற்றி ஒரு வரி: நான் தேவாலயப் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண் குரலில் மேல் குரல், பாடுகிறவன். இசைப் பட்டம் எதுவும் கிடையாது. அதனால் கீழே வருவது ஒரு பாடகனின் பார்வை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டோர்மிஸ் டாலினுக்குக் கிழக்கே உள்ள குசாலு பகுதியில் பிறந்தார். அப்பா விகாலா ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, பாடகர் குழுவையும் நடத்தியவர். பையனும் அதே வழியில் ஆர்கன் கற்கத் தொடங்கினான். நடுவில் போர். 1940இல் சோவியத் படை, 1941இல் ஜெர்மானியப் படை, 1944இல் மறுபடி சோவியத் என்று நாடு கைமாறிக்கொண்டே இருந்தது. 1940களின் இறுதியில் ஆர்கன் வகுப்பையே இழுத்து மூடிவிட்டார்கள். தேவாலய வாடை அடிக்கும் வாத்தியம் ஆயிற்றே. டோர்மிஸ் பாடகர் குழு நடத்தும் படிப்புக்கு மாறினார், பிறகு இசையமைப்புக்கு. 1951 முதல் 1956 வரை மாஸ்கோ கன்சர்வேட்டரியில் விஸ்ஸாரியோன் ஷெபாலினிடம் படித்தார். ஷெபாலின் அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்து, 1948இல் ஷோஸ்டகோவிச், புரொகோஃபியெவ் போன்ற இசையமைப்பாளர்களைக் கம்யூனிஸ்ட் கட்சி கண்டித்தபோது பதவி பறிக்கப்பட்டவர். அப்போதுதான் பாடம் நடத்தத் திரும்பியிருந்தார். மாணவர்களை அவரவர் மண்ணின் இசையைப் பார்க்கச் சொன்ன ஆசிரியர் அவர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டோர்மிஸ் வளர்ந்த வீட்டில் ஒலித்தது ஆர்கனும் நான்கு குரல் கோரஸும். பின்னாளில் அவர் உயிரைக் கொடுத்துப் பேசிய பழம்பாட்டு அந்த வீட்டில் இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

எஸ்டோனியர்களின் மிகப் பழைய பாட்டு வடிவத்துக்கு ரெகிலௌல் என்று பெயர். அடிக்கு எட்டு அசை. அடியின் இறுதியில் இயைபு கிடையாது, மோனைதான் வரியைக் கட்டுகிறது. ஒரு கருத்தைச் சொன்ன பிறகு அடுத்த வரியில் அதையே வேறு சொற்களில் சொல்வார்கள். அதற்கடுத்த வரியில் இன்னொரு முறை. மெட்டு நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றும். ஒருத்தி முன்பாட்டு எடுப்பாள், வரி முடியும் இடத்தில் மற்றவர்கள் சேர்ந்துகொண்டு அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள், அவர்கள் முடிக்கும் இடத்தில் அவள் அடுத்ததை எடுத்துவிடுவாள். நம்மூர் நடவுப் பாட்டு மாதிரிதான். மூச்சு விட இடமே இல்லாமல் ஒரு மணி நேரம் கூடப் போகும்.

இது பெரும்பாலும் பெண்கள் பாடிய பாட்டு. 18ஆம் நூற்றாண்டில் ஹெர்ன்ஹூட் சகோதரர்கள் என்ற ஜெர்மானிய பக்தி இயக்கம் கிராமங்களில் பரவியபோது பழைய பாட்டும் ஆட்டமும் பாவம் என்றாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பாணியில் இயைபோடு வரும் புதுப் பாட்டுகள் வந்தன. 1869இல் டார்ட்டுவில் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. இன்று உலகமே வியந்து பார்க்கும் அந்தத் திருவிழா மரபு, ஆயிரக்கணக்கானோர் ஒரே மேடையில் பாடுவது, எல்லாம் ஜெர்மானியப் பாடகர் சங்கங்களின் அச்சில் வார்த்தது. எஸ்டோனியர்கள் தங்களை ஒரு தேசமாக உணர்ந்ததே அந்தத் திருவிழாக்களில்தான். ஆனால் அங்கே அவர்கள் பாடியதில் அவர்களுடைய பாட்டி பாடியது ஏறக்குறைய எதுவும் இல்லை. பாட்டியின் பாட்டை யாகோப் ஹுர்ட் போன்றவர்கள் ஊர் ஊராக ஆள் திரட்டித் தாளில் எழுதி வைத்தார்கள். அப்படிச் சேர்ந்தது லட்சம் பக்கங்களுக்கு மேல். தாளில் பத்திரமாக இருந்தது, வாயில் இல்லை.

டோர்மிஸுக்கு முன்னால் யாருமே இதைத் தொடவில்லை என்று நினைக்க வேண்டாம். மார்ட் சார், சிரிலுஸ் கிரேக் இருவரும் நாட்டு மெட்டுகளைச் சேகரித்து அழகான கோரஸ் பாடல்கள் எழுதியவர்கள். கிரேக்கின் விவிலியச் சங்கீதப் பாடல்களை நான் டோர்மிஸை விடவும் அதிக முறை கேட்டிருப்பேன். ஆனால் அவர்கள் கையில் மெட்டு, குரல்களை அடுக்கி ஒலிக்கவைக்கும் ஐரோப்பிய ஹார்மனியின் உடுப்பை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தது.

டோர்மிஸ் திசை மாறியது 1959இல், ரீகா வளைகுடாவில் இருக்கும் கின்னு தீவில். ஆண்கள் கடலுக்குப் போய்விட, நிலமும் வீடும் வழக்கமும் பெண்கள் கையில் இருந்த சின்னத் தீவு அது. அங்கே ஒரு கல்யாணத்தைப் பார்த்தார். நாள் கணக்கில் நீளும் கல்யாணம், ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு பாட்டு. அதுவரை அவருக்கு ரெகிலௌல் என்பது அச்சிட்ட தொகுப்பில் இருந்த இரண்டு வரி மெட்டு. அந்த இரண்டு வரி மெட்டு ஏன் நூறு முறை திரும்பத் திரும்ப வருகிறது, அந்த நூறு முறைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தீவில் நேரில் பார்த்தார். அதே வருடம் கின்னு கல்யாணப் பாடல்களை எழுதினார். தாளில் பார்த்தால் சலிப்பூட்டும் மெட்டுதான். அது ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும் பாட்டு. பெண்ணைக் கூட்டிப் போகிறார்கள், சீர் கொடுக்கிறார்கள், எதிர்வீட்டாரைக் கேலி செய்கிறார்கள். காரியம் முடியும்வரை பாட்டும் ஓடும்.

இதன் முதல் பெரிய அறுவடை 1966–67இல் வந்த ‘எஸ்டோனிய நாட்காட்டிப் பாடல்கள்’. ஹெர்பர்ட் டாம்பெரே தொகுத்த நாட்டுப்பாடல் நூல்களிலிருந்து பாடல்களை எடுத்து ஐந்து தொகுதியாக அமைத்தார். நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்கு வேடம் கட்டி வீடு வீடாகப் போகும் ஆண்கள், அதே மாதக் கடைசியில் காத்ரீன் திருநாளுக்கு வெள்ளை உடுத்திப் போகும் பெண்கள், பனியில் எவ்வளவு தூரம் சறுக்குகிறோமோ அவ்வளவு உயரம் ஆளிச் செடி வளரும் என்று நம்பிச் சறுக்கும் தவக்கால முன்விழா, கிராமத்துப் பெரிய ஊஞ்சல், ஜூன் மாத யோவான் திருநாள் சொக்கப்பனை. முதலும் மூன்றும் ஆண் குரல்களுக்கு, இரண்டும் நான்கும் பெண் குரல்களுக்கு, கடைசியில் இருபாலரும் சேர்ந்து.

இவற்றில் அவர் செய்ததைப் பாடகனாகச் சொல்கிறேன். மெட்டைத் தொடுவதில்லை. நீட்டுவதில்லை, துண்டு போட்டு வளர்ப்பதில்லை, வேறு சுருதிக்குத் தூக்கிப் போய்ச் சாகசம் காட்டுவதில்லை. மெட்டு வந்துகொண்டே இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் காற்று மட்டும் மாறும். ஒரு சமயம் கீழ்க் குரல்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும். அடுத்த சுற்றில் அதன் மேல் இன்னொரு அடுக்கு ஏறும், இரண்டு ஸ்வரங்கள் உரசும். பிறகு எல்லாம் விலகி ஒற்றைக் குரல் மிஞ்சும். ஊஞ்சல் பாடல்களில் குழுவே ஊஞ்சலாகி முன்னும் பின்னும் போகும். இதைக் கேட்டுவிட்டு, சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் அமெரிக்க மினிமலிசத்தின் பாதிப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எங்கோ போய்த் தேட வேண்டிய தேவையே இல்லை, திரும்பத் திரும்ப வருவது அந்தப் பாட்டின் குணம்.

1972ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம். ரெகிலௌலைத் தன் மக்கள் உண்டாக்கியவற்றிலேயே மிகப் பழையது, மிகத் தனித்தன்மையானது என்று அதில் நிறுத்துகிறார். சொல்லும் மெட்டும் நிகழ்த்துதலும் சேர்ந்த ஒற்றைப் பொருள் அது, பிரித்தால் செத்துவிடும் என்பது மைய வாதம். மெட்டை மட்டும் பிடுங்கி சிம்பொனிக்குள் நடுவது, வரிகளை மட்டும் எடுத்துக் கவிதை என்று அச்சிடுவது, இரண்டுமே அவருக்கு உடன்பாடில்லை. அங்கிருந்து கல்விக்குப் போகிறார். இசையமைப்பாளர்கள் கோடாயும் பார்டோக்கும் ஹங்கேரியில் நாட்டுப்பாட்டைப் பிள்ளைகளின் இசைத் தாய்மொழியாக ஆக்கியது அவர் கண்முன் இருந்தது. இதைச் சோவியத் ஆட்சியில், ரஷ்ய மொழியின் இடம் பெருகிக்கொண்டிருந்த காலத்தில், இசைப் பிரச்சினை பேசுவது போலவே பேசியிருக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது படித்தவர்களுக்கு உள்ளே இருக்கும் கேள்வி புரியாமலா இருந்திருக்கும்?

அதே 1972இல்தான் ‘இரும்புக்குச் சாபம்’ எழுதினார். எஸ்டோனிய மொழியில் ராவுவா நேட்மினே. உலகம் முழுக்கப் பாடகர் குழுக்கள் பாடுவது இதைத்தான். டோர்மிஸ் என்றாலே இது ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள், அது கொஞ்சம் அநியாயம். ஆனால் முதல் முறை கேட்டால் ஆள் அசந்துதான் போவோம். இருபாலர் குழு, தனியாகப் பாட டெனர் ஒருவர், அதைவிடத் தாழ்ந்த குரலில் பாரிடோன் ஒருவர், மந்திரச் சடங்கு செய்யும் ஷாமன் பூசாரிகள் அடிக்கும் மேளம் ஒன்றே ஒன்று. சுமார் பத்து நிமிடம்.

அடித்தளம் ஃபின்லாந்து காவியமான கலேவலாவின் ஒன்பதாம் பாட்டு. ஒரு பொருளின் பிறப்பைத் தெரிந்துகொண்டு அதன் முகத்துக்கு நேரே சொன்னால் அதற்கு உன் மேல் இருக்கும் பிடி போய்விடும் என்பது அந்த மக்களின் பழைய மந்திர நம்பிக்கை. இரும்பு காயப்படுத்திவிட்டது, அதனால் இரும்பே, நீ எங்கிருந்து வந்தாய் தெரியுமா என்று அதன் பூர்வீகத்தைச் சொல்லித் திட்டுகிறார்கள். மூன்று கன்னியரின் மார்பிலிருந்து பால் பூமியில் சிந்தியது, கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று. அதிலிருந்து இரும்பும் எஃகும் பிறந்தன. இத்தனை மென்மையாகப் பிறந்த நீ இப்படியா ஆனாய்? இந்தப் பழைய வரிகளோடு பவுல் ஏரிக் ரும்மோ, யான் கப்லின்ஸ்கி என்ற இரு கவிஞர்களின் புதிய வரிகளையும் சேர்த்துக்கொண்டார். அதனால் பாதியில் பீரங்கி வருகிறது, விமானம் வருகிறது, டாங்கி வருகிறது. ஷாமன் சாபம் இருபதாம் நூற்றாண்டுக்குள் நுழைந்துவிடுகிறது. 1968இல் பிராக் நகரத்துக்குள் சோவியத் டாங்கிகள் போய் நாலு வருடம்தான் ஆகியிருந்தது.

பாடுவதற்கு இது கொடுமையான உருப்படி. கத்தல், கிசுகிசுப்பு, ஸ்வரமே இல்லாமல் வழுக்கி ஏறும் ஊளை, அதற்கு நடுவில் சுத்தமான சுருதி. எங்கள் குழுவில் ஒருமுறை ஸ்கோரை எடுத்து முயன்றோம். குரல் கிழிந்தது, மேளக்காரருக்குக் கை வலித்தது, போதகர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். கச்சேரிவரை அது போகவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. மேளம் ஒரே தாளத்தை விடாமல் அடிப்பதால் பாடுகிறவருக்கே நேர உணர்வு போய்விடுகிறது. ஷாமன்களுக்கு அந்த மேளம் எதற்கு என்று அன்றைக்குத் தெரிந்தது. இந்தப் பாட்டில் நாட்டு மெட்டு என்று எடுத்த எதுவும் பெரிதாக இல்லை, எல்லாம் அவர் எழுதியது. ஆனாலும் கல்யாண வீட்டில் கற்ற பாடம்தான்: காரியம் முடியும்வரை நிறுத்தாதே.

அவர் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போன மாதிரி ஒரு சித்திரம் சில இணைய அறிமுகங்களில் தெரிகிறது. அது சரியில்லை. 1974இல் சோவியத் அரசுப் பரிசு வாங்கினார், 1987இல் சோவியத் யூனியனின் மக்கள் கலைஞர் பட்டம் வாங்கினார், எஸ்டோனிய இசையமைப்பாளர் சங்கத்தில் பதவிகளில் இருந்தார். ‘மக்கள் கலை’ என்பது அரசே முழங்கிய கோஷம் என்பதால் நாட்டுப்பாடல் எழுதுகிறவரை மறுக்கவும் முடியாது. அந்தச் சந்தில் நுழைந்து அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் சுவாரசியம். 1980இல் பேர்ட் நாட்டைவிட்டுப் போனார், டோர்மிஸ் இருந்தார். இருவரில் யார் தைரியசாலி என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை.

அந்தச் சந்தின் மறுகோடியில் இருப்பது ‘மறக்கப்பட்ட மக்கள்’. 1970இல் தொடங்கி 1989வரை எழுதிய ஆறு தொகுதிகள். லிவோனியர், வோட்டியர், இஷோரியர், இங்கிரிய ஃபின்னியர், வெப்ஸியர், கரேலியர். எஸ்டோனிய மொழிக்கு உறவான மொழிகளைப் பேசியவர்கள், லாட்வியக் கடற்கரையிலிருந்து ஓனேகா ஏரிவரை சிதறிக் கிடந்தவர்கள். போர், ஸ்டாலின் கால நாடுகடத்தல், பள்ளியில் மொழி இல்லாமல் போனது என்று ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்தது. இங்கிரியர்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றி அனுப்பினார்கள். லிவோனியத்தைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி 2013இல் கனடாவில் இறந்தார். டோர்மிஸ் அந்தக் கிராமங்களுக்கே போய்க் கேட்டார், ஆய்வாளர்கள் சேகரித்ததையும் எடுத்துக்கொண்டார், அந்தந்த மொழியிலேயே எழுதினார். லிவோனியத் தொகுதியின் முதல் பாட்டு வசந்த காலத்தில் பறவைகளைத் துயில் எழுப்பும் சடங்கு. கடற்கரை மேட்டுக்குப் போய்ப் பறவைகளை எழுந்திருக்கச் சொல்லிப் பாடுவார்கள்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆறு தொகுதிகளையும் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை. வெப்ஸியத் தொகுதி போன்றவற்றில் குட்டிக் குட்டிப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன, எதுவும் மனதில் ஊன்றுவதற்குள் அடுத்தது. இன்னொரு கேள்வி இன்னும் பெரியது. பயிற்சி பெற்ற பாடகர்கள் கறுப்பு உடுப்பில் நின்று, வீட்டு முற்றத்தில் பாடியதை மேடையில் பாடினால் அது அதே பாட்டுதானா? சொல்லையும் மெட்டையும் நிகழ்த்துதலையும் பிரிக்காதே என்றவர், அதை முற்றத்திலிருந்து பிரித்துத்தானே மேடைக்குக் கொண்டுவந்தார்? இது அவருக்குத் தெரியாததில்லை. கச்சேரி மேடை அவருக்கு ஒரு வழிதான். மக்கள் மறுபடி தாங்களே வாய் திறந்து பாட வேண்டும் என்பதே குறி. 1990களின் இறுதியில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உரைகள் நிகழ்த்தியபோது தானே முன்பாட்டு எடுத்து, கேட்க வந்தவர்களைத் திருப்பிப் பாட வைத்தார். அந்த உரைகள் பிறகு ‘பாடப்பட்ட சொல்’ என்று புத்தகமாக வந்தன. கட்டுரையாளர் டோர்மிஸை அறிய விரும்புகிறவர்களுக்கு 1972ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அடுத்தது அதுதான். இன்று எஸ்டோனிய இளைஞர்களிடம் ரெகிலௌல் பாடும் வழக்கம் திரும்பியிருக்கிறது என்றால் அதில் அவருக்கு நல்ல பங்கு உண்டு.

2000ஆம் ஆண்டோடு இசையமைப்பதை நிறுத்திவிட்டார். எழுபது வயது, எழுத வேண்டியதை எழுதியாயிற்று என்று முடித்துக்கொண்டார். ஒரு கலைஞர் இப்படித் தானாக நிறுத்துவது எத்தனை அபூர்வம்! 2017 ஜனவரியில் டாலினில் காலமானார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நாட்டுப்பாட்டு வகையிலிருந்தே தொடங்க வேண்டாம் என்பேன். 1964இல் எழுதிய ‘இலையுதிர் நிலக்காட்சிகள்’ இருக்கிறது. விவி லூயிக் என்ற கவிஞர் பதின்வயதில் எழுதிய கவிதைகளுக்கு இசை, ஏழு சின்னப் பாட்டுகள், மொத்தமே பத்து நிமிடம்தான். காற்று, மேகம், சிவந்த இலை எல்லாம் குரலிலேயே தெரியும். இதில் ரெகிலௌல் இல்லை. ஆனால் ஒரு பாடகர் குழுவை எப்படி ஒலிக்கவைப்பது என்பதில் மனிதர் எவ்வளவு தேர்ந்தவர் என்று இதில் தெரிந்துகொண்டால், மற்றதில் அந்தத் திறமையை எவ்வளவு அடக்கி வைத்திருக்கிறார் என்பதும் புரியும். அப்புறம் நாட்காட்டிப் பாடல்களில் ஊஞ்சல் தொகுதி. அதற்குப் பிறகு ‘இரும்புக்குச் சாபம்’, அதையும் முடிந்தால் காணொளியாகப் பாருங்கள், மேளமும் பாடகர்களின் முகமும் தெரிய வேண்டும். ‘மறக்கப்பட்ட மக்கள்’ கடைசியில். டோனு கல்யுஸ்தே நடத்த, எஸ்டோனிய ஃபில்ஹார்மோனிக் சேம்பர் குழு பாடி, ஈசிஎம் நிறுவனம் 1992இல் வெளியிட்ட பதிவைத் தேடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தொகுதி போதும், வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். லிவோனியத் தொகுதியில் எலிக்குஞ்சை அழைக்கும் தாலாட்டு ஒன்று வரும், அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.